அஞ்சற்பையிலிருந்து கணினித் திரைக்கு

ஜொகூரில் பல்கலைக்கழகம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லாத காலம் அது. 1971ஆம் ஆண்டில் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், வளாகத்துக்கு வெளியிலிருந்தே பட்டம் பயிலும் திட்டத்தைத் தொடங்கியது. இங்கிலாந்தின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் முதல் மாணவர் பயிலத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. இலண்டன் பல்கலைக்கழகம் 1858 முதலே வெளிநிலைத் தேர்வுகளுக்கு இடமளித்து வந்ததாயினும், தொலைவிலிருப்போரைத் தன் மாணவராகவே ஏற்றுப் பாடம் அனுப்பிய மலேசியப் பல்கலைக்கழகம் இதுவே முதலாவது.

அத்திட்டத்தில் சேர்ந்தோருள் பலர் பணியிலிருந்தோர். அவருள்ளும் ஆசிரியர் மிகுதி. பகலில் பள்ளி, இரவில் பாடநூல் என நாள் கழிந்தது. ஆண்டுதோறும் மூன்று வார நேர்முக வகுப்புக்குப் பினாங்கு செல்லவேண்டும். ஜொகூர் பாருவிலிருந்து அது ஏறத்தாழ 700 கிலோமீட்டர். 1985இல் பாலம் திறக்கப்படும்வரை, இரயிலில் சென்றோர் பட்டர்வொர்த்தில் இறங்கிப் படகேறியே தீவை அடைந்தனர். இறுதியாண்டை வளாகத்திலேயே தங்கிப் பயிலவேண்டும் என்ற தொடக்கக்கால விதியோ அதனினும் கடுமையானது. குடும்பத்தைத் தாங்குவோர் ஓராண்டு வீட்டைப் பிரிவது எளிதா? 1985இல் ஸ்கூடாயில் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகம் திறக்கப்பட்ட பின்னரும், வேலையை விட இயலாதோர்க்குத் தொலைக்கல்வியே வழியாயிற்று.

இத்தகையோரைப் பற்றி இன்று பேசுவோர் 'தொழில் முதிர்ச்சி' என்னும் சொல்லை எளிதாக ஆள்கின்றனர். அச்சொல்லின் பிறப்பை அறிதல் நன்று. அமெரிக்க உளவியலறிஞர் டொனால்டு சூப்பர் 1951இல் தொடங்கிய நெடுநாள் ஆய்வு, ஒன்பதாம் வகுப்புச் சிறுவரைப் பற்றியது. இனிமேல்தான் தொழில் தேடவிருக்கும் சிறுவனை அளக்கச் செய்த கோல் அது. இருபதாண்டு கரும்பலகை முன் நின்ற ஆசிரியரை அக்கோலால் அளந்து, முதிர்ச்சி போதாது என்பது நகைப்புக்குரியது. 1981இல் நாசலுடன் எழுதிய கட்டுரையில் சூப்பரே, வளர்ந்தோர்க்குத் 'தகவமைவு' என்ற கருத்தே பொருந்தும் என்றார். மாறிவரும் பணிக்கு ஒருவர் தம்மை எவ்வாறு ஆயத்தப்படுத்திக்கொள்கிறார் என்பதே வினா.

அவ்வினாவுக்கு விடை தேடும் காலமும் வந்தது. 2000இல் மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டு, மறு ஆண்டே மாணவரைச் சேர்த்தது. பின்னர் வாவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் தோன்றியது. ஜொகூர் பாருவிலேயே இவற்றுக்கு நிலையங்கள் அமைந்தன. பாடம் அஞ்சற்பையிலிருந்து கணினிக்கு மாறியது. 2020 மார்ச்சு 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு நடப்புக்கு வந்தபோது, நாடெங்கும் பள்ளிக் கதவுகள் அடைபட்டன. ஆசிரியர் திரையின் முன் அமர்ந்து கற்பிக்க நேர்ந்தது. தொலைக்கல்வி பயின்றோர்க்குத் திரை புதிதன்று. எனினும் திரைவழிப் பாடம் கேட்பது வேறு, அதன்வழிக் குழந்தைகளை இருத்திக் கற்பிப்பது வேறு. முன்னதைப் பல்கலைக்கழகம் பழக்கியிருந்தது. பின்னதை அவர்கள், ஒரே கைப்பேசியைப் பிள்ளைகள் மூவர் பகிர்ந்துகொண்ட வீடுகளை நோக்கிப் பேசிப் பேசியே கற்றுக்கொண்டனர்.