மூட்டை அவிழ்க்கப் பத்தொன்பது ஆண்டு

நம்முடைய பள்ளிக்கூடத்துச் சரித்திரப் பாடத்தில் யுவான் சுவாங் வருவார். நாலந்தாவில் படிப்பார், ஹர்ஷருடைய சபையில் உட்காருவார், காஞ்சிபுரம் வரைக்கும் வந்து இலங்கைக்குக் கப்பல் ஏற நினைப்பார், அங்கே அரசன் இறந்து பஞ்சமும் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டுத் திரும்பிவிடுவார். பிறகு, ‘தாயகம் திரும்பினார்’ என்ற இரண்டே சொற்களில் பாடம் முடிந்துவிடும். அதற்கு அடியில் கேள்விகள் இருக்கும். அந்தக் கேள்விகளில் ஒன்றுகூட, ‘திரும்பிய பிறகு என்ன ஆனார்?’ என்று கேட்காது.

எனக்கு அதுதான் முக்கியமான கேள்வியாகப் படுகிறது. கல்யாணத்துக்காக நாலு நாள் வெளியூர் போய் வந்தாலே நம் வீட்டில் பெட்டியைக் காலி செய்து துணிமணிகளை எடுத்து வைக்க ஒரு வாரம் பிடிக்கிறது. பதினாறு ஆண்டு பரதேசத்தில் சுற்றியவர் எப்படி ஊர் திரும்பினார்? திரும்பியவர் எப்படி அங்கே மறுபடியும் வேர் விட்டார்?

முதலில் ஒரு விஷயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அவர் புறப்பட்டதே சட்டத்துக்கு விரோதமான காரியம். 629-ஆம் ஆண்டு என்பது வழக்கமான கணக்கு. அப்போது சீனத்தின் மேற்கு எல்லை மூடிக் கிடந்தது. அனுமதி கேட்டு விண்ணப்பம் போட்டார், கிடைக்கவில்லை. உத்தரவை மீறிப் புறப்பட்டுவிட்டார். ஆகவே திரும்பி வரும்போது அவர் மகா பண்டிதர் மட்டும் அல்ல. அரசாங்கத்தின் கணக்கில் குற்றவாளியுங்கூட.

இன்னொரு கடனும் இருந்தது. போகும் வழியில் கௌசாங் என்ற பாலைவன நாட்டு அரசன் அவரைத் தன்னோடேயே இருத்திக்கொள்ளப் பார்த்தான். இவர் சாப்பிட மறுத்து உட்கார்ந்துவிட்டார். அரசன் மனம் இளகி, பொன்னும் பட்டும் குதிரைகளும் வழி நெடுக உள்ள அரசர்களுக்குக் கடிதங்களும் கொடுத்து அனுப்பினான். ஒரே ஒரு வாக்குறுதி கேட்டான்: திரும்பும்போது மூன்று ஆண்டு தன் நாட்டில் தங்க வேண்டும்.

643-ஆம் ஆண்டு பிரயாகையில் ஹர்ஷரிடம் விடைபெற்றபோது கடல் வழியாகப் போக ஏற்பாடு செய்வதாக அவர் சொல்லிப் பார்த்தார். யாத்திரிகர் ஒப்பவில்லை. பனிமலை வழியே போனால்தான் அந்த அரசனுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற முடியும். ஆனால் கௌசாங் நாடு 640-லேயே சீனப் படையிடம் வீழ்ந்துவிட்டது. அரசனும் இறந்துபோயிருந்தான். எந்த வாக்குக்காகச் சுற்று வழியைத் தேர்ந்துகொண்டாரோ, அந்த வாக்கைக் கேட்க ஆள் இல்லை. நெடுநாள் கழித்து ஊர் திரும்புகிறவர்களுக்கு இப்படித்தான் ஆகிறது. கடன் இருக்கிறது, கடன் கொடுத்தவர் இருப்பதில்லை.

வழியில் நஷ்டங்களும் குறைவில்லை. சிந்து நதியைக் கடக்கும்போது அவர் யானை மேல் போனார்; சுவடிகள் ஓடத்தில் போயின. நடு ஆற்றில் காற்று எழுந்து, ஐம்பது சுவடிகளும், ஊரில் விதைக்க வேண்டும் என்று ஆசையோடு எடுத்துப் போன பூ விதைகளும் தண்ணீரில் போய்விட்டன. பிரதி எடுத்துவர ஆளனுப்பி, ஐம்பது நாளுக்கு மேல் அங்கேயே காத்திருந்தார். பிறகு மலைப் பாதையில் திருடர்கள் துரத்த, ஹர்ஷர் கொடுத்த யானை மிரண்டு ஆற்றில் மூழ்கி இறந்தது.

கோட்டான் நகரம் வந்ததும் மேலே போகாமல் நின்றார். சக்கரவர்த்திக்கு ஒரு கடிதம் எழுதி, வியாபாரிகளோடு போன ஓர் இளைஞனிடம் கொடுத்தனுப்பினார். ‘உத்தரவில்லாமல் போனவன் திரும்பி வருகிறேன்’ என்பது அதன் சாரம். பதிலுக்காக ஏழெட்டு மாதம் காத்திருந்தார். உலகம் புகழும் பண்டிதர், சொந்த ஊரின் வாசலில் நின்று, ‘உள்ளே வரலாமா?’ என்று கேட்டுக்கொண்டு நிற்கும் அந்தக் காட்சியை நான் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். நல்ல வேளையாக, ‘உடனே வருக’ என்று பதில் வந்தது.

645-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தலைநகரான சாங்-ஆனை அடைந்தார். ஜனக் கூட்டத்தால் ஊருக்குள் நுழைய வழி இல்லை. 657 நூல்கள், 520 கட்டுகளாக, இருபது குதிரைகளின் மேல் வந்தன. புத்தர் சிலைகள் ஏழு.

சக்கரவர்த்தி டாய்-சுங் அவரை லோயாங் நகரில் வரவேற்றுப் பேசினார். குற்றத்தை மன்னித்தார். அதோடு விடவில்லை. காவியைக் களைந்துவிட்டு எனக்கு மந்திரியாக வாரும் என்றார். மேற்கு நாடுகளின் மலையும் ஆறும் அரசர்களும் நேரில் தெரிந்த ஒருவர் எந்தச் சக்கரவர்த்திக்குத்தான் வேண்டாம்! யுவான் சுவாங் மறுத்தார். சரி, கொரியாவின் மேல் படையெடுத்துப் போகிறேன், கூடவாவது வாரும் என்றார். பிக்ஷுக்கள் போரைப் பார்க்கக் கூடாது என்று அதையும் மறுத்தார். பார்த்த நாடுகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதித் தர மட்டும் சம்மதித்தார். 646-ல் முடிந்த அந்தப் புத்தகத்தில் 138 நாடுகளைப் பற்றிய செய்தி உண்டு. பன்னிரண்டு நூற்றாண்டு கழித்துக் கன்னிங்ஹாம் என்ற ஆங்கிலேயர் அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் நாலந்தாவின் இடிபாடுகள் எவை என்று அடையாளம் சொன்னார். நம் ஊரை நமக்குக் காட்டியது அவருடைய பிரயாணம் அல்ல. ஊர் திரும்பி உட்கார்ந்து எழுதியது.

அதற்குப் பிறகுதான் மூட்டையை அவிழ்க்கும் வேலை ஆரம்பமாயிற்று. அது பத்தொன்பது ஆண்டு நடந்தது. அன்றன்றைக்கு இவ்வளவு மொழிபெயர்ப்பது என்று ஓர் அளவு வைத்துக்கொள்வார். பகலில் வேறு வேலை குறுக்கிட்டால் இரவில் முடித்துவிட்டுத்தான் படுப்பார். விடியுமுன் எழுந்து அன்றைய மூலத்தைப் படித்துச் சிவப்பு மையால் அடையாளம் இடுவார். மாலையில் மாணவர்களுக்குப் பாடம். 652-ல் சுவடிகளை வைக்க ஒரு கோபுரம் எழும்பியபோது கல்லும் மண்ணும் தாமே கூடையில் சுமந்தார். அந்தக் கோபுரம் பிற்காலத்தில் மாற்றிக் கட்டப்பட்ட உருவத்தில் இன்றும் ஷியான் நகரில் நிற்கிறது.

நாலந்தாவை மறந்துவிட்டாரா? இல்லை. அங்கிருந்த நண்பர்களோடு கடிதப் போக்குவரத்து இருந்தது. தம் குருவான சீலபத்திரர் இறந்த செய்தி அறிந்து துக்கம் தெரிவித்து எழுதினார். அதே கடிதத்தில், சிந்து நதியில் போன சுவடிகளின் பட்டியலைச் சேர்த்து, வருகிறவர்களிடம் கொடுத்தனுப்பும்படி கேட்டார். ஊர் திரும்பி ஒன்பது ஆண்டு கழித்து! தொலைந்ததை அவர் ஒரு நாளும் கணக்கிலிருந்து தள்ளவில்லை.

இத்தனையிலும் சொந்தக் கிராமத்துக்குப் போக அவருக்குப் பன்னிரண்டு ஆண்டு ஆயிற்று. 657-ல் புதிய சக்கரவர்த்தியோடு லோயாங் போனபோதுதான் பிறந்த இடத்தைப் பார்க்க வாய்த்தது. உறவினர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். வேறு ஊரில் வாழ்க்கைப்பட்டிருந்த தமக்கை ஒருத்திதான் மிச்சம். பெற்றோரின் சமாதி எங்கே என்று அவளைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. நாற்பது ஆண்டுக்கு மேல் கவனிப்பாரில்லாமல் புதர் மண்டிக் கிடந்தது. உத்தரவு பெற்று, நல்ல இடம் பார்த்து மறுபடி அடக்கம் செய்தார். பக்கத்திலிருந்த ஷாவோலின் மடத்தில் மீதி நாளைக் கழிக்க அனுமதி கேட்டார். சக்கரவர்த்தி மறுத்துவிட்டார். எல்லையைத் திருட்டுத்தனமாகத் தாண்டி உலகம் சுற்றியவரால், ஊர் திரும்பிய பின் பிறந்த மண்ணுக்குப் பக்கத்தில் ஒரு குடிசை சம்பாதிக்க முடியவில்லை.

660-ல் பிரஜ்ஞாபாரமிதை என்ற பெருநூலைக் கையில் எடுத்தார். சுருக்கிவிடலாமே என்றார்கள் சீடர்கள். ஒரு சொல்லும் விடாமல் அறுநூறு பகுதிகளையும் 663-ல் முடித்தார். அடுத்த நூலைக் கொண்டுவந்து வைத்தார்கள். சில வரிகள் செய்து பார்த்துவிட்டு, உடம்பில் பலம் இல்லை என்று சொல்லிச் சுவடியை மூடினார். மறு வருஷம், 664-ல், காலமானார்.

அவர் மொழிபெயர்த்து முடித்தவை எழுபத்தைந்து நூல்கள். கொண்டுவந்தவை 657. மீதி மூட்டை அவிழ்க்கப்படாமலே இருந்தது.