ஸ்போக்கன் டுடோரியல்

மும்பை ஐ.ஐ.டி.யில், வேதிப்பொறியியல் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா தலைமையில், மத்திய அரசின் நிதியுதவியுடன் உருவான கட்டற்ற மென்பொருள் பயிற்சித் திட்டம். லினக்ஸ், லிப்ரே ஆஃபீஸ், சைலேப் முதலியவற்றோடு கிம்ப், இங்க்ஸ்கேப், பிளெண்டர், ஆடாசிட்டி போன்ற படம், ஒலி, அசைவூட்ட மென்பொருள்களையும் சுமார் பத்து நிமிடக் காணொலிகளாகக் கற்றுத்தருகிறது.

திரையில் தெரிவது ஆங்கிலம். விளக்கும் குரல் மட்டும் தமிழ், கன்னடம், தெலுங்கு எனப் பல இந்திய மொழிகளில் மாறும். தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்கும் ஓசூர், கிருஷ்ணகிரி போன்ற எல்லைத் தொழில் நகரங்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு அரிது. ஒரே வகுப்பில் ஒவ்வொருவரும் ஹெட்போன் மாட்டி அவரவர் மொழியில் கேட்டு, காணொலியை நிறுத்தி நிறுத்தித் தம் கணினியில் செய்து பார்க்கலாம்.

குரல் பதிவு நுணுக்கமான வேலை. விளக்க உரையின் ஒவ்வொரு வரிக்கும் நேரம் குறிக்கப்பட்டிருக்கும். சுட்டி மெனுவைத் தொடும் நொடியில் அதற்கான தமிழ்ச் சொல்லும் விழ வேண்டும். தமிழ் வாக்கியம் நீண்டுவிட்டால் பொருள் கெடாமல் சுருக்க வேண்டும். அந்தப் பதிவுக்கும் கட்டற்ற மென்பொருளான ஆடாசிட்டியே பயன்படுகிறது. கற்பிக்கப்படும் கருவியே பாடத்தையும் உருவாக்குவது இத்திட்டத்தின் பெரும் சிறப்பு.

தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் பாஸ் என்னும் லினக்ஸ் இயங்குதளமும் நிறுவப்பட்டிருந்தது. அத்தகைய மடிக்கணினியிலேயே ஸ்போக்கன் டுடோரியல் காணொலிகளைப் பதிவிறக்கி இணையமின்றியும் பார்க்கலாம்; கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வருவதால் நகலெடுத்துப் பகிரத் தடையில்லை.