பெற்றோர் பாதுகாவலுரிமை

மைனர் குழந்தை எங்கே வசிப்பது, எதைக் கற்பது, எந்தச் சமயநெறியில் வளர்வது என்பனவற்றைத் தீர்மானிக்கப் பெற்றோருக்குச் சட்டம் வழங்கும் அதிகாரம் பாதுகாவலுரிமை எனப்படும். இந்திய நீதிமன்றங்கள் இன்று இதனைச் சொத்துரிமைபோலக் கருதாது, குழந்தையின் க்ஷேமத்தின் பொருட்டு ஒப்படைக்கப்பட்ட பொறுப்பாகவே மதிக்கின்றன. இந்நிலை எளிதில் வந்ததன்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை இங்கிலாந்தில் தகப்பனின் அதிகாரம் ஏறக்குறைய எல்லையற்றதாக இருந்தது. ஏழு வயதுக்குட்பட்ட குழந்தையைத் தன்னிடம் வைத்துக்கொள்ள நீதிமன்றத்தை வேண்டும் வாய்ப்பே 1839-இல்தான் தாய்க்குக் கிடைத்தது. அந்த மரபின் சாயலோடு இந்தியாவில் இயற்றப்பட்ட 1890-ஆம் வருஷத்துக் கார்டியன்கள், வார்டுகள் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, தகப்பன் உயிரோடிருக்கையில் அவர் தகுதியற்றவர் என்று கோர்ட்டார் கருதினாலன்றி வேறொருவரைக் கார்டியனாக நியமிக்கலாகாது என்று விதித்தது.

இவ்விதியின் வலிமையையும் வரம்பையும் ஒருங்கே வெளிப்படுத்திய வழக்கு சென்னையில் எழுந்தது. அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்று, 1909-இல் அடையாறு பிரம்மஞான சபையை அண்டி வந்து குடியேறிய ஜிட்டு நாராயணையா, தாயை இழந்த தம் புதல்வர்களான கிருஷ்ணமூர்த்தி, நித்தியானந்தன் ஆகிய இருவரையும் 1910 மார்ச்சு மாதத்தில் எழுத்து மூலமாகச் சபைத் தலைவி அன்னி பெஸன்ட் அம்மையாரின் பாதுகாப்பில் ஒப்படைத்தார். மூத்தவரை உலகாசிரியராக வரப்போகிறவர் என்று சபையார் போற்றத் தொடங்கியதும், சபையின் முக்கியஸ்தருள் ஒருவரான லெட்பீட்டரின் சகவாசம் மக்களுக்கு ஆகாது என்ற அச்சம் தந்தையின் உள்ளத்தில் வேரூன்றியதும், 1912-இல் சிறுவர்கள் இங்கிலாந்துக்கு அழைத்துச் செல்லப்பட்டதும் சேர்ந்து, அவர் கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வழக்குத் தொடுக்கச் செய்தன.

செங்கற்பட்டு ஜில்லா கோர்ட்டில் தொடுக்கப்பட்டு உயர் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்ட அவ்வழக்கில் அம்மையார் தமக்காகத் தாமே வாதாடினார். தந்தையின் சார்பில் சி. பி. ராமசாமி ஐயர் ஆஜரானார். சிறுவர்களைத் தந்தையிடம் ஒப்புவிக்க வேண்டுமென்று நீதிபதி பேக்வெல் 1913-இல் அளித்த தீர்ப்பை மேல்முறையீட்டு நீதிபதிகளும் உறுதி செய்தனர். ஆனால் 1914-இல், அக்காலத்து இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்ஸில் அதனைத் தள்ளிவிட்டது. தகப்பனின் அதிகாரம் ஒரு புனிதப் பொறுப்பென்றும், அதைப் பிறருக்கு முற்றிலும் தத்தம் செய்துவிட இயலாதென்றும், பிறர் வசம் விட்டாலும் திரும்பப் பெறலாமென்றும், அவ்வாறு திரும்பப் பெறுவதால் குழந்தைக்குக் கேடு நேருமாயின் மாத்திரம் நீதிமன்றம் தடுக்கலாமென்றும் கவுன்ஸிலார் வகுத்துரைத்தனர். எனினும், சிறுவர்கள் செங்கற்பட்டு ஜில்லாவில் வசிப்பவர்கள் அல்லராதலின் அக்கோர்ட்டுக்கு அதிகாரமில்லையென்றும், அவர்களுடைய விருப்பம் கேட்டறியப்படவில்லையென்றும் கண்டு, வழக்கைத் தோல்வியுறச் செய்தனர்.

ஆகவே, பிற்காலப் பெற்றோர் அனைவருக்கும் பயன்பட்ட தத்துவத்தை நிலைநாட்டிக் கொடுத்த அத்தந்தைக்குத் தம் மக்கள் கிட்டவில்லை. கையெழுத்திட்ட ஒரு காகிதத்தால் பெற்ற பாசத்தின் உரிமை அழிந்துவிடாது என்ற நியாயம் அவர் பட்ட துயரத்தின் விலையாக இந்நாட்டுக்கு வாய்த்ததென்பது மறக்கத்தக்கதன்று. பெற்றோருக்கும் வளர்ப்போருக்கும் இடையே விவாதம் மூளும்போது அறிவு முதிர்ந்த சிறுவனின் சொல்லுக்கும் செவிசாய்க்க வேண்டுமென்ற கருத்தும், 1890-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் முன்பே வித்தாகக் கிடந்ததெனினும், இவ்வழக்கில்தான் உருப்பெற்று நின்றது.

சுதந்திரத்துக்குப் பின் இயற்றப்பட்ட 1956-ஆம் வருஷத்து இந்து மைனாரிட்டி மற்றும் கார்டியன்ஷிப் சட்டம், குழந்தையின் நலனே தலையாயது என்று 13-ஆம் பிரிவில் வெளிப்படையாக விதித்தபோதிலும், தகப்பனையே முதற் கார்டியனாகவும் அவருக்குப் பின்னரே தாயையும் குறித்தது. ஐந்து வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாகத் தாயிடமே இருக்கலாம் என்பது மட்டுமே அவளுக்குச் செய்த சலுகை. பெற்று வளர்க்கும் தாயை இரண்டாம் இடத்தில் நிறுத்திய இவ்வேற்பாடு நீதிக்குப் பொருந்தாதது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன், மகனின் பெயரில் கடன்பத்திரம் வாங்கத் தாம் இட்ட கையெழுத்தை ரிசர்வ் வங்கி ஏற்க மறுத்ததை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், தகப்பன் உயிரோடிருக்கும்போதே, அவர் அக்கறையற்றிருந்தாலோ குழந்தையின் பொறுப்பிலிருந்து விலகியிருந்தாலோ, தாய் இயற்கைக் கார்டியனாகலாம் என்று உச்ச நீதிமன்றம் 1999-இல் பொருள் கொண்டது. 2010-ஆம் வருஷத்துத் திருத்தத்தால் 1890-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 19-ஆம் பிரிவில் தகப்பனோடு தாயும் சேர்க்கப்பட்டாள்.