பிரிட்டானியா விமானமும் வெப்பமண்டலப் பனிப்படிகங்களும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

விமானங்களில் பனி படிவது குளிர்நாட்டு வானுக்கே உரிய இடர் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. உறைநிலைக்குக் கீழும் உறையாமல் மேகத்தில் மிதக்கும் மீக்குளிர்ந்த நீர்த்துளிகள், இறக்கையிலும் எஞ்சினின் காற்று நுழைவாயிலிலும் மோதியவுடன் பனிக்கட்டியாகின்றன. நுழைவாயிலின் விளிம்பைச் சூடாக்குவது இதற்குரிய தீர்வு. ஆனால், இத்தீர்வுக்கு அடங்காத வேறொரு பனியிடரைப் பிரிஸ்டல் பிரிட்டானியா என்னும் டர்போபிராப் பயணியர் விமானம் 1956இல் எதிர்கொண்டது. அதன் காரணத்தையும் விளைவையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

எஞ்சினின் அமைப்பும் இடரும்

பிரிட்டானியா முதன்முதலில் பறந்தது 1952 ஆகஸ்ட் 16 அன்று. அதன் புரோட்டியஸ் எஞ்சினில் காற்று முன்புறம் நுழைந்து, பின்னோக்கிச் சென்று, முழுவதுமாகத் திரும்பி, முன்னோக்கிப் பாய்ந்தவாறே காற்றமுக்கியைக் கடந்தது. இத்திருப்பமே இடருக்கு இடமாயிற்று. வெப்பமண்டலத்தின் உயர்ந்த மேகங்களில் மிகுந்துள்ள பனிப்படிகங்கள் குளிர்ந்த பரப்பில் ஒட்டாமல் தெறித்துவிடுவன. எனவே இறக்கையில் பனி சேராது. ஆனால் எஞ்சினுக்குள் புகுந்த படிகங்கள் திருப்பத்தில் சேர்ந்து திரண்டன. அத்திரள் பெயர்ந்து உள்ளே சென்றபோது எஞ்சினின் தழல் அணைந்தது. ஆப்பிரிக்கத் தடத்திற்கான சோதனைப் பறப்புகளில் இக்குறை வெளிப்பட்டது.

தீர்வும் விலையும்

எரிகூடத்தில் எப்போதும் செந்தணலாக இருக்கும் 'குளோ பிளக்' பொருத்தப்பட்டது. தழல் அணைந்தாலும் அது உடனே மீண்டும் பற்றவைத்தது. பனி சேர்வதை அது தடுக்கவில்லை. சேர்ந்ததன் விளைவைத் தாங்கச் செய்தது. 1955 இறுதியிலேயே பி.ஓ.ஏ.சி. நிறுவனம் பெறத் தொடங்கிய விமானம், 1957 பிப்ரவரி 1 அன்றுதான் லண்டன்–ஜோகன்னஸ்பர்க் தடத்தில் பயணியர் சேவைக்கு வந்தது. அதன் நீள்வடிவம் 1957 டிசம்பரில் அட்லாண்டிக்கைக் கடக்கத் தொடங்கியது. 1958 அக்டோபரில் காமெட் 4, போயிங் 707 ஆகிய தாரை விமானங்கள் அதே கடலைக் கடந்தன. பிரிட்டானியா முன்னணியில் இருந்த காலம் பத்து மாதங்களே. மொத்தம் 85 விமானங்களே கட்டப்பட்டன. இதற்குப் பனி ஒன்றே காரணமன்று. எனினும் இழந்த ஓராண்டு அதற்குப் பெரிதும் தேவைப்பட்ட ஆண்டு.

முடிவுரை

பிரிட்டானியாவின் இடர் ஓர் எஞ்சினின் வடிவக் குறையாக மட்டும் கொள்ளத்தக்கதன்று. காற்று நேராகப் பாயும் தாரை எஞ்சின்களிலும் பனிப்படிகங்களால் ஆற்றலிழப்பு நேர்வதை மேசன், ஸ்ட்ராப், சௌ ஆகியோர் 2006இல் ஆராய்ந்து விளக்கினர். பனிப்படிகச் சூழலுக்கான தனி வரையறை அமெரிக்க எஞ்சின் சான்றளிப்பு விதிகளில் இடம்பெற்றது 2014இல்தான். எஞ்சினின் வளைவு இடரை முன்கூட்டியே காட்டியது. இடரின் பிறப்பிடமோ மேகம். ஒரு கருவியைத் திருத்தியதும் சிக்கல் தீர்ந்ததாகக் கொள்ளும்போது, அக்கருவி உணர்த்திய இயற்கை உண்மை கவனத்திலிருந்து நழுவக்கூடும் என்பதைத் தொழில்நுட்ப வரலாற்றாய்வு இங்குக் கருத்தில் கொள்ள வேண்டும்.