இறால் பண்ணையும் இருவகை நீதியும்

சோழநாட்டு வணிகன் ஒருவன் பாண்டிநாட்டிற்குச் சிலம்பு விற்கச் சென்று, கள்வன் எனப் பழி சுமத்தப்பட்டு உயிரிழந்த கதையைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. அந்நாட்டிற் புதியவளாகிய அவன் மனைவிக்குத் துணைநிற்கத் தூதரும் இல்லை, வழக்குரைஞரும் இல்லை. பிறநாட்டிலே பொருளையோ உயிரையோ இழந்தோர் யாரிடம் முறையிடுவது என்னும் கேள்வி அத்துணைப் பழையது. அக்கேள்விக்கு அண்மைக்கால வரலாறு அளித்த விடைகளை ஆராய்வோமாயின், நீதியின் வாயில் யாருக்கு அகலத் திறந்தது என்பது புலனாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதற்கு விடையளித்தவை போர்க்கப்பல்கள். 1847 இல் ஏதென்ஸ் நகரில் டொன் பசிபிக்கோ என்பவரின் வீடு சூறையாடப்பட்டது. அவர் ஜிப்ரால்டரில் பிறந்த பிரித்தானியப் பிரசை என்பதைக் காட்டி, 1850 இல் பிரித்தானியக் கடற்படை கிரேக்கத் துறைமுகத்தை முற்றுகையிட்டது. வலிய நாட்டின் பிரசைக்குப் பீரங்கியே வழக்குரைஞர். எளிய நாட்டின் பிரசைக்கு எவருமில்லை.

காலனிகள் விடுதலை பெற்றபோது பீரங்கியின் இடத்தைப் பணம் பிடித்துக்கொண்டது. இதற்கு நமது நாடே சான்று. 1962 இல் இலங்கை அரசு எஸ்ஸோ, கல்டெக்ஸ், ஷெல் ஆகிய எண்ணெய்க் கம்பனிகளின் சொத்துக்களில் ஒரு பகுதியை நாட்டுடைமையாக்கியது. நட்டஈட்டுத் தகராறு தீராத நிலையில், 1963 பெப்ரவரியில் ஐக்கிய அமெரிக்கா தன் உதவியை நிறுத்தியது. அமெரிக்கரின் சொத்தைத் தக்க நட்டஈடின்றி எடுக்கும் நாட்டிற்கு உதவி மறுக்கும் புதிய சட்டவிதி முதன்முதல் பாய்ந்தது இலங்கை மீதே. 1965 இல் ஆட்சி மாறிய பின்னரே நட்டஈட்டு உடன்பாடு ஏற்பட்டது.

அதே 1965 இல் உலக வங்கியின் முயற்சியால் முதலீட்டுத் தகராறுகளைத் தீர்க்கும் சர்வதேச உடன்படிக்கை ஒன்று வாஷிங்டனில் உருவாயிற்று. அதுவரை முதலீட்டாளர் தம் அரசின் தயவை நாடவேண்டியிருந்தது. இனி, அரசின் இணக்கம் இருக்குமாயின், தனியார் கம்பனியே ஒரு நாட்டை நடுவர் மன்றத்தின் முன் நிறுத்தலாம். இலங்கை 1967 இல் அதில் இணைந்தது. 1977 இல் திறந்த பொருளாதாரம் வந்தது. 1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, தன் 157 ஆம் உறுப்புரையால், பாராளுமன்றம் மூன்றில் இரண்டு பெரும்பான்மையால் அங்கீகரிக்கும் முதலீட்டு உடன்படிக்கைகளுக்குச் சட்டவலு அளித்தது. 1980 இல் பிரித்தானியாவுடன் அத்தகைய உடன்படிக்கை கைச்சாத்தாகி, பின்னர் ஹொங்கொங்குக்கும் விரிந்தது.

இவ்வளவு ஏற்பாடுகளும் எங்கே வந்து சந்தித்தன? வாஷிங்டனுக்கு வெகுதொலைவில், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில்!

கொக்கட்டிச்சோலை, மகிழடித்தீவுப் பகுதியில் செரண்டிப் சீபூட்ஸ் என்னும் கம்பனி இறால் பண்ணையொன்றை நடத்தி வந்தது. அதன் பங்குகளில் பாதிக்குச் சற்றுக் குறைவானவை ஹொங்கொங் கம்பனி ஒன்றின் கையில் இருந்தன. 1987 ஜனவரி 28 இல் விசேட அதிரடிப்படை அப்பகுதியில் நடவடிக்கையில் இறங்கியது. பண்ணை அழிந்தது. பண்ணைத் தொழிலாளர் இருபதுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர்; அயற்கிராமத்தவரும் மாண்டனர்.

ஹொங்கொங் கம்பனி அவ்வாண்டிலேயே நடுவர் மன்றத்தை நாடி, எண்பது இலட்சம் டொலருக்கு மேல் கோரியது. இலங்கை அரசுடன் அக்கம்பனி செய்த ஒப்பந்தம் எதுவுமில்லை. எனினும் உடன்படிக்கையில் அரசு கொடுத்த பொதுவான இணக்கமே போதுமென ஏற்று மன்றம் விசாரித்தது. நாடுகளுக்கிடையிலான முதலீட்டு உடன்படிக்கையை மட்டும் ஆதாரமாகக் கொண்டு அம்மன்றம் தீர்த்த முதல் வழக்கு இதுவே. எகிப்தியர், பிரெஞ்சுக்காரர், கானா நாட்டவர் என மூவர் நடுவராயிருந்தனர். 1990 ஜூன் 27 இல் தீர்ப்பு வந்தது. பண்ணையை அழித்தது யார் என்பது போதிய அளவு நிறுவப்படவில்லை என்றனர் பெரும்பான்மையோர். ஆனால் பண்ணையில் அரசு சந்தேகித்தவர்களை, நிர்வாகத்தோடு பேசி அமைதியான வழியில் முன்னரே அகற்றியிருக்கலாம். அந்த முன்னெச்சரிக்கையை எடுக்காதது அரசின் தவறு என்று கண்டு, 4 இலட்சத்து 60 ஆயிரம் டொலரையும் வட்டியையும் செலுத்தப் பணித்தனர். கானா நாட்டு நடுவர் மாறுபட்ட தீர்ப்பெழுதினார்.

இத்தீர்ப்பின் நியாயத்தை ஊன்றி நோக்குக. படையை ஏவுமுன் அமைதி வழியைத் தேடவேண்டியது அரசின் கடமை என்கிறது அது. படுவான்கரை மக்களுக்கு வேண்டியிருந்த நியாயமும் இதுவன்றோ! ஆயினும் அம்மன்றத்தில் வழக்காடும் உரிமை மூலதனத்துக்கே உரியது. தொழிலாளரின் சாவு அங்கு வழக்கின் செய்தியாக இடம்பெற்றது, வழக்காக இடம்பெறவில்லை. பங்குப் பத்திரம் வைத்திருந்தவர் வழக்காளியானார். வலை இழுத்தவர் வரலாற்றுக் குறிப்பானார்.

மனிதர் முறையிடவும் சர்வதேச வாயில் ஒன்று இல்லாமலில்லை. 1997 இல் இலங்கை, தனிமனிதர் ஐ.நா. மனித உரிமைக் குழுவிடம் முறையிட வழிசெய்யும் நெறிமுறையில் இணைந்தது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்த் தண்டிக்கப்பட்ட தமிழர் ஒருவருக்கு நியாயமான விசாரணை கிட்டவில்லை என 2004 இல் அக்குழு கண்டது. அவர் அதனைக் கையிலேந்தி நாட்டின் உயர் நீதிமன்றத்தை நாடியபோது, நெறிமுறையில் இணைந்த செயலே அரசியலமைப்புக்கு முரணானது, அதற்கு உள்நாட்டிற் சட்டவலுவில்லை என்று 2006 இல் தீர்ப்பாயிற்று. முதலீட்டைக் காக்கும் உடன்படிக்கைக்கு அரசியலமைப்பிலேயே இடமுண்டு. மனிதனைக் காக்கும் நெறிமுறைக்கோ வாசற்படியும் இல்லை.

பிறநாட்டிற் பொருளிட்டவன் நீதி பெறுவது குற்றமென்று நாம் சொல்லவில்லை. மலாயாவிலும் பர்மாவிலும் உழைத்துச் சேர்த்த தமிழரும் அத்தகைய பாதுகாப்பை வேண்டியவர்களே. எல்லை கடந்து சொத்துக்கு நீதி வழங்க முடியுமென்பதை இவ்வழக்கு காட்டிவிட்டது. முடியுமென்றால், உயிருக்கு மட்டும் ஏன் முடியாது? சட்டம் இயற்றுவோரையும் அதைக் கற்பிப்போரையும் நோக்கி எழவேண்டிய வினா இதுவே. அதனை எழுப்பும் கடமை உழைக்கும் மக்கள் பக்கம் நிற்கும் ஒவ்வொருவருக்கும் உரியது.