மெட்டில்லாத வீணையும் மொட்டைமாடி பேஸ் கிடாரும்

மெட்டு என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. பாட்டின் மெட்டு ஒன்று. வீணைத் தண்டியில் வரிசையாகப் பதித்திருக்கும் பித்தளைக் கட்டைகளுக்கும் மெட்டு என்றே பெயர். இந்தக் கட்டுரை இரண்டாவது மெட்டைப் பற்றியது. சரியாகச் சொன்னால், அது இல்லாமல் இருப்பதைப் பற்றியது.

மாட்டுத்தாவணிக்குப் பக்கத்தில் நாங்கள் குடியிருக்கும் தெருவில் ஒரு பையன், மெட்டே இல்லாத பேஸ் கிடார் ஒன்றை மொட்டைமாடியில் வைத்துத் தன் கையாலேயே செய்து முடித்திருக்கிறான். அவனுடைய தாத்தா என்னோடு காலையில் நடக்க வருபவர். அவருக்கு இரண்டு மனக்குறை. குரூப் 4 தேர்வுக்குப் படிக்க வேண்டிய வயதில் பேரன் மரம் இழைத்துக்கொண்டிருக்கிறான் என்பது ஒன்று. "இழைத்ததுதான் இழைத்தான், மெட்டு வைக்காமல் பாதியிலேயே விட்டுவிட்டானே சார்" என்பது இரண்டாவது. முதல் குறை அவர்கள் வீட்டு விஷயம். இரண்டாவதற்கு நடந்துகொண்டே பதில் சொல்ல முடியவில்லை. அது நானூறு வருஷத்துக் கதை. அதனால் எழுதுகிறேன்.

தந்தியை எந்த இடத்தில் அழுத்தினால் எந்த ஸ்வரம் என்பதை முன்கூட்டியே முடிவு செய்து வைத்துவிடுவதுதான் மெட்டின் வேலை. விரல் கொஞ்சம் முன்னே பின்னே விழுந்தாலும், மெட்டு நிற்கும் இடத்திலிருந்துதான் தந்தி பேசும். வாசிப்பவருக்கு அது பெரிய உதவி. நம் வீணையிலும் ஒரு காலத்தில் ராகத்துக்கு ராகம் மெட்டை நகர்த்தி வைத்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. தஞ்சையை 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தில்தான் 24 மெட்டுகளை நிலையாக வைத்து எல்லா ராகமும் வாசிக்கும் முறை வந்தது என்பது இசை வரலாறு. இன்றைய தஞ்சாவூர் வீணை அந்த வழியில் வந்ததே. மெழுகில் கரித்தூள் கலந்து மெட்டுகளைப் பதிப்பதற்கு மேளம் கட்டுவது என்று பெயர். மெழுகு இளகிப்போனால் மறுபடி கட்ட வேண்டும். அதற்குக் காது தீர்ந்த ஆள் வேண்டும்.

ஆனால் மெட்டு கொடுத்ததற்கு ஈடாக ஒன்றை வாங்கிக்கொண்டது. நம் சங்கீதத்துக்கு உயிர் கமகம். ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குப் படிக்கட்டில் ஏறுவதுபோல் ஏறாமல், வழுக்கிக்கொண்டு, அசைந்துகொண்டு போக வேண்டும். வீணைக்காரர்கள் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து அதைச் செய்கிறார்கள். மெட்டே இல்லாவிட்டால் இழுக்க வேண்டியதில்லை, அப்படியே நகர்ந்து போகலாம். பிடில் நம்மிடம் அவ்வளவு சீக்கிரம் ஒட்டிக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அதைக் கற்று நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தார். பிறகு நம் பக்கத்து எட்டயபுரம் சமஸ்தானத்தில் வித்வானாக இருந்தார். பிடிலில் மெட்டு கிடையாது.

வீணையிலேயே மெட்டை விட்டவர்களும் உண்டு. அதுதான் கோட்டுவாத்தியம், இன்றைய சித்திரவீணை. பார்க்க வீணை மாதிரியே இருக்கும், தண்டி மட்டும் மொழுமொழுவென்று இருக்கும். வலது கை மீட்ட, இடது கையில் பிடித்த ஒரு கட்டையைத் தந்தியின் மேல் நகர்த்தி வாசிப்பார்கள். அந்தக் கட்டை பெரும்பாலும் கருங்காலி. திருவிடைமருதூர் சகாராம ராவ் இதைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தவர். செம்மங்குடி சீனிவாச ஐயர் அவரிடம் பாடம் கேட்டவர் என்றால் அந்த வித்வானின் தரம் புரியும். அவருக்குப் பின் மைசூர் சமஸ்தானத்து நாராயண ஐயங்கார், பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள், மன்னார்குடி சாவித்திரி அம்மாள் என்று சிலர் வந்தார்கள். சிலர்தான். கேட்கிறவர்கள் உருகிப்போவார்கள், கற்றுக்கொள்ள வருகிறவர்கள் குறைவு. கட்டை ஒரு நூல் விலகினாலும் அபஸ்வரம், மறைக்க இடமில்லை.

இனி கடல் தாண்டிப் போக வேண்டும். நான் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். அந்த மொழியில் ஒரு வேடிக்கையான புத்தகம் உண்டு. 1740இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சானது. எழுதியவர் ஊபேர் லெ பிளாங் என்ற சட்டம் படித்த மனிதர். வியோல் என்ற வாத்தியத்துக்காக, பிடிலையும் செல்லோவையும் எதிர்த்து, வக்கீல் மாதிரி வாதாடுகிறார். வியோல் முழங்கால்களுக்கு நடுவே வைத்து வில்லால் வாசிப்பது. அதன் கழுத்தில் ஆட்டு நரம்பைச் சுற்றிக் கட்டிய 7 மெட்டுகள். செல்லோவுக்கு மெட்டு கிடையாது. பிடிலை உலகத்தையே ஆளத் துடிக்கும் குள்ள சுல்தான் என்றும், செல்லோவைச் சோற்றுக்கில்லாத பரதேசி என்றும் ஏசுகிறார். அவருடைய சண்டை மெட்டுக்காக மட்டும் அல்ல. அரண்மனை அறையில் பத்துப் பேர் அமர்ந்து கேட்கும் மெல்லிய இசை போய், பெரிய மண்டபத்தில் ஓங்கி ஒலிக்கும் இசை வருகிறதே என்ற கவலை அது. வழக்கில் அவர் தோற்றார். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் வியோல் ஓய்ந்துபோனது. மெட்டில்லாத செல்லோவும் அதன் அண்ணனான டபுள் பேஸும் நின்றன.

டபுள் பேஸ் ஆள் உயரம் இருக்கும். நம் பழைய சினிமாப் பாட்டுகளின் அடியில் உறுமிய சத்தம் அதுதான். தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவது சிரமம், வாசிக்கப் பழகுவது அதைவிடச் சிரமம். 1951இல் கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் என்பவர் அதைக் கிடார் அளவுக்குச் சுருக்கி, மின்சாரத்தில் பேசவைத்து, மெட்டும் வைத்து விற்றார். அதற்கு அவர் வைத்த பெயர் பிரிசிஷன் பேஸ். பிரிசிஷன் என்றால் துல்லியம். மெட்டு இருப்பதால் யார் விரல் வைத்தாலும் ஸ்வரம் துல்லியம் என்று பெயரிலேயே சொல்லிவிட்டார். அதனால் எத்தனையோ பேருக்கு வழி திறந்தது. இதைக் குறைத்துச் சொல்லக்கூடாது.

பத்து வருஷம்தான் போனது. 1961இல் இங்கிலாந்தில் பில் வைமன் என்ற இளைஞர், பின்னாளில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவில் புகழ் பெற்றவர், மலிவான ஒரு பேஸ் கிடாரை வாங்கினார். உடம்பை அறுத்துச் சிறிதாக்கினார். தேய்ந்த மெட்டுகளைப் பிடுங்கினார். புது மெட்டு வைப்பதுதான் எண்ணம். வைப்பதற்கு முன் வாசித்துப் பார்த்தார், சத்தம் பிடித்துவிட்டது, அப்படியே விட்டுவிட்டார். கம்பெனிகள் மெட்டில்லாத பேஸ் கிடாரை விற்க வந்தது அதற்குப் பிறகுதான். ஆம்பெக் கம்பெனி 1966இல், ஃபெண்டர் 1970இல். அமெரிக்காவில் ஜாக்கோ பாஸ்டோரியஸ் 1962ஆம் வருஷத்து ஃபெண்டர் ஒன்றில், மெட்டு இருந்த பள்ளங்களை அடைத்து, படகுக்குப் பூசும் எபாக்சியைப் பலகையில் பூசி வாசித்தார். மெட்டை வெண்ணெய் தடவும் கத்தியால் நெம்பி எடுத்ததாக அவரே சொன்ன கதை. அவருடைய முதல் இசைத்தட்டு 1976இல் வந்தது. நமக்கு 'அன்னக்கிளி' வந்த அதே வருஷம்.

இளையராஜாவின் பாட்டுகளில் சசிதரன் வாசித்த பேஸை, பெயர் தெரியாமலேயே நாம் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கிறோம். பின்னர் ஏ.ஆர். ரகுமான் பாட்டுகளில் கீத் பீட்டர்ஸ் மெட்டில்லாத பேஸ் வாசித்தார். மனிதர் முனகுவதுபோல, ஒரு ஸ்வரம் கரைந்து அடுத்த ஸ்வரமாகும் அந்த ஆழமான சத்தம்தான் அது.

இப்போது எங்கள் தெருப் பையனின் வேலைக்கு வருகிறேன். நான் மாடிக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன். கழுத்துக்குப் பழைய தேக்கு. இடித்த வீட்டு மரம் விற்கும் கடையில் வாங்கிய கதவு நிலை. பல வருஷம் காய்ந்த மரம் முறுக்கிக்கொள்ளாது என்பதால் அது. நாலு தந்திகளும் சேர்ந்து 70, 80 கிலோ அளவுக்கு இழுக்கும். அதனால் மூன்று பட்டைகளாக அறுத்து, நடுப்பட்டையின் ரேகையைத் திருப்பி ஒட்டி, உள்ளே ஓர் இரும்புக் கம்பியும் வைத்தான். உடம்புக்கு வீணை போலவே பலா. விரல் படும் பலகைக்கு ஈட்டி. அந்தப் பலகைக்கு பிரெஞ்சில் துஷ் என்று பெயர், தொடும் இடம் என்று பொருள். மெட்டில்லாத வாத்தியத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை.

குதிரையிலிருந்து தலைப்பக்கம் வரை தந்தியின் நீளம் 34 அங்குலம். மெட்டு வைத்திருந்தால் முதல் மெட்டு 1.9 அங்குலத்தில் வரும். 12ஆவது சரியாகப் பாதியில், 17 அங்குலத்தில். மேலே போகப்போக இடைவெளி குறைந்துகொண்டே வரும். பையன் அந்தக் கணக்கைப் போட்டு, பலகையின் ஓரத்தில் மட்டும் சின்னப் புள்ளிகள் வைத்தான்.

மெட்டு வைக்காததால் வேலை மிச்சம் என்று தாத்தா நினைக்கிறார். நான் பார்த்தவரை அப்படி இல்லை. பலகையே மெட்டின் வேலையையும் செய்ய வேண்டியிருப்பதால், ஒரு மேடு இருந்தாலும் தந்தி அதில் இடித்துக் கரகரக்கும். இரும்பு ஸ்கேலை வைத்து, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்துப் பார்த்து உப்புத்தாள் தேய்த்தான். 80ஆம் நம்பரில் தொடங்கி 120, 220, 400 என்று போனான். பிறகு எபாக்சி மெல்லிசாகப் பூசி, காயவைத்து, மறுபடி தேய்த்தான். சுருள்கம்பித் தந்தி வெறும் மரத்தை அரம் மாதிரி அராவிவிடும், அதற்குத்தான் அந்தப் பூச்சு.

உடம்புக்கு பிரெஞ்சு பாலிஷ். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சைத் துணியில் பொட்டலமாகக் கட்டி, வட்டம் வட்டமாகத் தேய்ப்பது நம் தச்சர்கள் எல்லோருக்கும் தெரிந்த வேலை. பிரெஞ்சுக்காரர்கள் அதை பிரெஞ்சு பாலிஷ் என்று சொல்வதில்லை, பொட்டலத்தால் போடும் வார்னிஷ் என்றே சொல்கிறார்கள். அரக்கோ நம் நாட்டு மரங்களில் பூச்சி கட்டுவது. ஐப்பசி மழையில் போட்டால் ஈரத்துக்கு வெள்ளை பூத்துவிடும் என்று ஆசாரி ஒருவர் சொல்ல, பையன் தை மாதம் வரை காத்திருந்தான். அந்தப் பொறுமைக்காகவே அவனுக்கு ஒரு வேலை கொடுக்கலாம்.

நான் முப்பத்தைந்து வருஷம் மெட்டு வைத்த வாத்தியம் வாசித்தவன். எந்தக் கோப்பு எந்த மேசைக்கு என்பது விதியில் இருக்கும், விரலை வைத்தால் போதும். அதில் குடும்பம் நடந்தது, பிள்ளைகள் படித்தார்கள். பேரன் குரூப் 4 எழுதட்டும் என்று நண்பர் சொன்னால் நானும் எழுதத்தான் சொல்வேன். ஆனால் அந்தக் கிடார் பாதியில் நின்றது என்று மட்டும் சொல்லமாட்டேன். மெட்டை எடுத்தவன் அதன் வேலையைத் தன் காதுக்கு ஏற்றிக்கொள்கிறான். பையன் தினமும் சுருதிப் பெட்டியைப் போட்டுவிட்டு, ஒரே ஸ்வரத்தில் கால் மணி நேரம் நிற்கிறான். முதல் மாதம் எங்கள் தெரு நாய்களே எதிர்த்தன. இப்போது ஷட்ஜமும் பஞ்சமமும் சுத்தமாக விழுகின்றன. காந்தாரத்துக்கு இன்னும் ஆறு மாதம் ஆகும் என்கிறான். தோடியை எப்போது தொடுவாய் என்று கேட்டேன். "அவசரப்படாதீங்க தாத்தா" என்றான்.