ஆறு விளக்கு, ஒரு வடம்

1881 அக்டோபர் 10 அன்று லண்டனில் சவாய் தியேட்டர் திறந்தபோது, மக்கள் உட்காரும் பகுதியில் மட்டும்தான் மின்விளக்கு எரிந்தது. மேடைக்குப் பழைய கேஸ் விளக்கே. எல்லாவற்றையும் எரிக்க ஜெனரேட்டருக்குச் சக்தி போதவில்லை. மேடைக்கு மின்சாரம் வர டிசம்பர் 28 ஆயிற்று. மேடை விளக்கில் லோடு கணக்கு அன்றே தொடங்கிவிட்டது.

ஆனால் தியேட்டர் நகராது. ஒருமுறை வயரிங் செய்தால் போதும். 1970களில் ராக் இசைக்குழுக்கள் விளக்குகளை லாரியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனபோது, அந்த வேலையைத் தினமும் செய்யவேண்டி வந்தது. அவர்கள் கொண்டுபோனது பார் 64. விமானம் தரையிறங்கும்போது போடும் விளக்கின் உறவு. 8 அங்குல விட்டம், 1000 வாட், விலை குறைவு, அடிபட்டாலும் தாங்கும். அலுமினியக் குழாய்களைப் பின்னிச் செய்த ட்ரஸ்ஸில் அதை வரிசையாகத் தொங்கவிட்டார்கள். தரையில் கிடக்கும் ட்ரஸ்ஸில் விளக்கைப் பூட்டியதும் சங்கிலி மோட்டார் மேலே தூக்கும். 24 விளக்குக்கு 24 வயர் கூடவே ஏறினால் எது எந்த டிம்மருக்குப் போகிறது என்று யார் தேடுவது?

அந்தத் தேவையில் பிறந்ததுதான் ஆறு விளக்குக் கம்பி. ஆறு விளக்கை ஒரே குழாயில் பூட்டி, ஆறு சர்க்யூட்டையும் ஒரே தடித்த வடத்துக்குள் வைத்தார்கள். முனையில் 19 முள் கொண்ட பிளக். லைவும் நியூட்ரலுமாக 12 முள், எர்த்துக்கு 6. கடைசி முள் சும்மா இருக்கும். அதைச் செய்த பிரெஞ்சு நிறுவனமான சோக்கபெக்ஸின் பெயரே பிளக்குக்கும் பெயராகிவிட்டது.

என் கணிப்பில் அந்த விளக்கைவிட இந்த வடமே பெரிய கண்டுபிடிப்பு. ஊர் போய்ச் சேருமுன்பே முழுத் திட்டத்தையும் காகிதத்தில் போட்டுவிட முடிந்தது. 24 விளக்கு என்றால் நான்கு வடம், 24,000 வாட். 230 வோல்ட்டில் எல்லாம் ஒரே பேஸில் விழுந்தால் 104 ஆம்பியர். மூன்று பேஸுக்கு எட்டெட்டாகப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் 35 ஆம்பியர்தான். பேஸ்கள் சமமானால் நியூட்ரலில் கரண்ட் இருக்காது என்பது பாடம். டிம்மர் அதைப் பொய்யாக்கும். அது மின்னலையை நறுக்கித்தான் வெளிச்சத்தைக் குறைக்கிறது. அப்படி நறுக்கப்பட்ட கரண்ட் நியூட்ரலில் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளாமல் கூடுகிறது. பேஸ் வயரைவிட நியூட்ரல் அதிகம் சுடக்கூடும். அதனால்தான் தடித்த நியூட்ரல் கேட்கிறார்கள்.

வடத்தின் நீளத்தை ட்ரஸ் ஏறி நிற்கும் உயரத்துக்கு அளக்கவேண்டும், தரையில் கிடக்கும் நிலைக்கு அல்ல. மிச்சத்தை இறுக்கமாகச் சுருட்டி வைத்தால் வெப்பம் வெளியேற வழியின்றி உறை உருகும்.

1981 செப்டம்பரில், பார்சிலோனாவில் ஜெனிசிஸ் ராக் இசைக்குழுவின் மேடையில், தானே திரும்பி நிறம் மாறும் வேரி-லைட் முதன்முதலாக எரிந்தது. 1986இல் டிஎம்எக்ஸ் 512 என்ற கட்டுப்பாட்டு முறை வந்தபின், விளக்குகளுக்கான கட்டளைகள் ஒரு மெல்லிய கேபிளில் போகத் தொடங்கின. இப்போது எல்இடி விளக்குக்குள்ளேயே டிம்மர் இருக்கிறது. மேலே நிலையான மின்சாரம் போனால் போதும். அதைக் கொண்டுபோவதும் பல மேடைகளில் அதே 19 முள் பிளக்தான்.

விளக்கு மாறினாலும் ட்ரஸ் உலோகம்தான். மோட்டார் பொத்தானை அழுத்துமுன், ட்ரஸ் தரையில் இருக்கும்போதே, ஒவ்வொரு சர்க்யூட்டின் எர்த்தையும் மீட்டர் வைத்துப் பாருங்கள்.